பணியிடப் பயிற்சியில் நட்ஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனைச் செவிலியர்களுக்கும் தொழிற்சாலைப் பணியாளர்களுக்கும் பயிற்சிப் பாடங்கள் வடிவமைப்பது என் தொழில். மனிதவள அலுவலர்களும் தலைமைச் செவிலியர்களும் ஷிப்ட் சூப்பர்வைசர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நட்ஜ் என்கிறார்களே, அது என்ன?

ஒருவரைக் கட்டாயப்படுத்தாமல், தண்டனையோ பெரிய பணப் பரிசோ காட்டாமல், அவர் முடிவெடுக்கும் சூழலைச் சற்று மாற்றி அமைப்பது. அவருக்கு நல்லது என்று அவரே ஒப்புக்கொள்ளும் செயல் அதனால் எளிதாக வேண்டும். அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீனும் 2008ஆம் ஆண்டு இந்தச் சொல்லைப் பரவலாக்கினார்கள். தேலருக்கு 2017இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

சுடர் விளக்கானாலும் தூண்டுகோல் வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். எண்ணெயில் அமிழ்ந்து மங்கும் திரியை மேலே இழுத்துவிடும் சிறு குச்சி அது. நட்ஜ் என்ற சொல்லை விளக்க எனக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது. அந்தக் குச்சியால் திரியை நகர்த்த முடியும், எண்ணெய் ஊற்ற முடியாது. பாடம் சரியில்லாத இடத்தில், படிக்க நேரமே தராத இடத்தில், எத்தனை நட்ஜ் வைத்தாலும் வெளிச்சம் வராது. கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த எண்ணத்திலிருந்து கிளைப்பவை.

நினைவூட்டல் அனுப்புவதுதானே நட்ஜ்? அதைத்தான் ஏற்கெனவே செய்கிறோமே?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனைக்குத் தொற்றுக் கட்டுப்பாடு பற்றிய பாடத் தொடர் ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். தினமும் காலை பத்து மணிக்கு ஒவ்வொரு செவிலியரின் கைபேசிக்கும் ஒரு செய்தி போகும்: ‘இன்றைய பாடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.’ பத்து மணி என்று முடிவு செய்தவன் நான்தான். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு அது நல்ல நேரம்.

இரண்டு வாரம் கழித்து நேரில் போனேன். காலை ஏழரை மணி. ஆண்கள் பொது வார்டில் ஒரு செவிலியர் நைட் டியூட்டி முடித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். “நீங்கள்தானா சார் அந்த மெசேஜ் அனுப்புகிறவர்?” என்று கேட்டார். “வீட்டுக்குப் போய், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, குளித்துச் சாப்பிட்டுப் படுக்கும்போது மணி பத்தாகிவிடும். கண்ணயரும் நேரத்தில் சரியாக போன் அடிக்கிறது.” கைபேசியை எடுத்துக் காட்டினார். எங்கள் எண்ணிலிருந்து வரும் செய்திகளுக்கு ஒலி வராதபடி அடைத்து வைத்திருந்தார். நைட் டியூட்டி பார்க்கும் மற்றவர்களிடமும் கேட்டேன். பலர் அதையே செய்திருந்தார்கள்.

அந்தச் செய்தி அவர்களுக்குத் தொல்லை. அதைவிடக் கெட்டது, மறுபடி நாங்கள் எது அனுப்பினாலும் பார்க்காமல் ஒதுக்கும் பழக்கத்தை அவர்களுக்கு அது கற்றுக்கொடுத்துவிட்டது. பிறகு டியூட்டி அட்டவணையோடு இணைத்து, அவரவர் ஷிப்ட் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் போகும்படி மாற்றினோம். ஒலியடைத்தவர்களைத் திரும்பக் கொண்டுவர அதற்குப் பிறகும் வெகுகாலம் ஆயிற்று.

நினைவூட்டல் நட்ஜில் ஒரு வகைதான். நேரமும் இடமும் பிசகினால் அது அந்த வகையிலும் சேராது.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

தடைகளை நீக்குவதிலிருந்து. புதிதாக எதையும் சேர்க்கும் முன், ஒரு பணியாளரின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் பாடத்தைத் திறக்கும் வரை என்னென்ன செய்கிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கணினி யார் கையில் இருக்கிறது, கடவுச்சொல் நினைவிருக்கிறதா, மறந்தால் யாரைக் கேட்க வேண்டும், காணொளிக்கு ஒலி வேண்டுமென்றால் வார்டில் ஒலி வைக்க முடியுமா, கைபேசியில் பார்த்தால் யாருடைய டேட்டா செலவாகிறது. இவை ஒவ்வொன்றும் ஒரு படி. ஒவ்வொரு படியிலும் சிலர் திரும்பிப் போகிறார்கள்.

நல்ல செயலைச் சிரமமாக்கும் இப்படிப்பட்ட தேவையற்ற படிகளுக்கு ‘ஸ்லட்ஜ்’ என்று பெயர். சேறு, கசடு என்று பொருள். 2018இல் தேலர் இதைப் பற்றி ஒரு தனிக் குறிப்பே எழுதினார். என் அனுபவத்தில், கசடு வழித்து எடுப்பதால் கிடைக்கும் பலன் புதிய நட்ஜ் எதிலும் கிடைத்ததில்லை. ஒரு தொழிற்சாலையில் பாடப் பக்கத்தின் முகவரியைக் க்யூஆர் குறியாக அச்சிட்டு ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கவாட்டிலும் ஒட்டி, கடவுச்சொல்லுக்குப் பதில் பணியாளர் எண்ணே போதும் என்று வைத்தோம். வேறு எதையும் மாற்றவில்லை. பாடத்தைப் பார்க்கவே மாட்டார்கள் என்று சொல்லப்பட்ட மூத்த தொழிலாளர்கள் டீ இடைவேளையில் அதைத் திறந்து பார்த்ததை நான் நின்று கவனித்தேன்.

எல்லாரையும் தானாகவே பயிற்சியில் சேர்த்துவிடலாமா? வேண்டாதவர்கள் விலகிக்கொள்ளட்டும்.

சேர்க்கைக்கு இது வலிமையான வழி. அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் ஓய்வூதியச் சேமிப்புத் திட்டத்தை பிரிஜிட் மேட்ரியனும் டென்னிஸ் ஷேயும் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். ஊழியர்களே படிவம் நிரப்பிச் சேர வேண்டியிருந்தபோது பாதிப் பேர்கூடச் சேரவில்லை. தானாகச் சேர்த்து, விலக விரும்புகிறவர்கள் விலகலாம் என்று மாற்றிய பிறகு 86 சதவீதம் பேர் திட்டத்தில் இருந்தார்கள்.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதன் மறுபாதிதான் பயிற்சியாளர்களுக்கு முக்கியம். அப்படித் தானாகச் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினர், நிறுவனம் முன்கூட்டியே வைத்திருந்த 3 சதவீதச் சேமிப்பு அளவையும் அதே முதலீட்டையும் மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. சேமிப்புக்கு அதுவே ஓரளவு போதும், பணம் கணக்கில் ஏறிவிடும். கற்பதற்குப் போதாது. பெயர் பட்டியலில் இருப்பதால் யார் மண்டையிலும் எதுவும் ஏறுவதில்லை.

ஆகவே தானியங்கி முறையை நேரத்துக்குப் பயன்படுத்துங்கள். டியூட்டி அட்டவணையிலேயே புதன்கிழமை பிற்பகல் இரண்டு முதல் இரண்டரை வரை ‘பயிற்சி’ என்று ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அச்சாகியிருக்கட்டும். அந்த அரை மணிக்கு யார் அவருடைய இடத்தைப் பார்த்துக்கொள்வார்கள் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். இதற்கு ஆள் ஒதுக்க நிர்வாகம் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், சிக்கல் ஊழியர்களின் ஆர்வத்தில் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சட்டப்படி கட்டாயமான பயிற்சிகளுக்கும் நட்ஜ் வேண்டுமா?

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், விழிப்புணர்வுப் பயிற்சிகளை அவ்வப்போது நடத்த வேண்டும் என்று நிறுவனத்தின் மீது கடமை விதிக்கிறது. இதுபோன்றவற்றில் வருவதா வேண்டாமா என்பது ஊழியரின் விருப்பம் என்று பாசாங்கு செய்ய வேண்டாம். கட்டாயம் என்று நேராகச் சொல்லி, வேலை நேரத்தில் நடத்துங்கள். வந்தவர்கள் கற்றதை மறக்காமல் இருக்க நட்ஜ் உதவும்.

‘எப்போது படிப்பீர்கள்?’ என்று எழுதி வாங்கினால் பலன் உண்டா?

உண்டு. எல்லை தெரிந்து பயன்படுத்த வேண்டும்.

ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ‘படிக்க வேண்டும்’ என்ற பொதுவான நினைப்பைவிட, ‘இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்’ என்று சூழலோடு முடிச்சுப் போட்ட திட்டம் நிறைவேற வாய்ப்பு அதிகம். 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து இந்தப் பலனை உறுதி செய்தார்கள். பணியிடத்துக்கு நெருக்கமான உதாரணம், கேத்தரின் மில்க்மனும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்டது. ஒரு அமெரிக்க நிறுவனத்தில் ஊழியர்களுக்கு இலவசக் காய்ச்சல் தடுப்பூசி முகாம் நடந்தது. ஒரு பிரிவினருக்கு முகாமின் நாளும் நேரமும் அச்சிட்ட கடிதம் போயிற்று. இன்னொரு பிரிவினருக்கு அதே கடிதத்தில், ‘நான் வரும் நாள், நேரம்’ என்று எழுதிக்கொள்ளக் கட்டங்கள் இருந்தன. ஊசி போட்டுக்கொண்டவர்கள் 33 சதவீதத்திலிருந்து 37 சதவீதமாக உயர்ந்தார்கள். அச்சுச் செலவு ஒன்றேதான். அந்தக் காலிக் கட்டம் செய்த வேலை அது.

ஆனால் ஊசி ஒரு நாள் வேலை, படிப்பு பல வாரம். ஹார்வர்டு, எம்ஐடி, ஸ்டான்போர்டு ஆகியவற்றின் இணையவழிப் பாடங்களில் ரெனே கிசில்செக்கும் மற்றவர்களும் நடத்திய பெரிய சோதனை 2020இல் வெளியானது. கிட்டத்தட்ட 250 பாடங்கள், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், இரண்டரை ஆண்டுகள். திட்டம் எழுதியவர்கள் முதல் சில வாரங்கள் கூடுதலாகப் படித்தார்கள். பாடத்தை முடித்தவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. முன்பு சிறு அளவில் நம்பிக்கை தந்த உத்தி, பெரிய அளவில் இப்படி அடங்கிப்போயிற்று.

நான் செய்வது இது: ஒரு முழுப் பாடத்துக்குத் திட்டம் எழுதச் சொல்வதில்லை. பாடத்தில் கற்ற ஒரே ஒரு செயலை வேலையில் எப்போது செய்து பார்ப்பார் என்று ஒரு வரி எழுதச் சொல்கிறேன். ‘நாளைக் காலை ஷிப்ட் ஒப்படைப்பு முடிந்ததும், மூன்றாம் படுக்கை நோயாளியின் ஐவி ஊசி இட்ட இடத்தைத் தொட்டுப் பார்ப்பேன்.’ ஒரு நாள், ஒரு செயல். மறுவாரம் இன்னொரு வரி.

உண்மையைச் சொல்லுங்கள், நட்ஜ் எவ்வளவுதான் வேலை செய்யும்?

கொஞ்சம். கருத்தரங்குகளில் சொல்லப்படுவதைவிடக் கணிசமாகக் குறைவு.

ஸ்டெபானோ டெல்லாவிக்னாவும் எலிசபெத் லினோசும் 2022இல் வெளியிட்ட ஒப்பீடு என் எதிர்பார்ப்புகளை மாற்றியது. ஆய்விதழ்களில் வந்த நட்ஜ் சோதனைகளில் சராசரிப் பலன் 8.7 சதவீதப் புள்ளிகள். அரசுகளோடு சேர்ந்து அமெரிக்காவில் இரண்டு பெரிய நட்ஜ் குழுக்கள் நடத்திய 126 சோதனைகளை, வெளியானது வெளியாகாதது என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 1.4 சதவீதப் புள்ளிகள். இந்த இடைவெளிக்குப் பெரிய காரணம், நல்ல முடிவு வந்த சோதனைகளே இதழ்களில் அச்சேறுகின்றன என்பது. அதே 2022இல் நூற்றுக்கணக்கான முடிவுகளைத் தொகுத்து, நட்ஜ் நடுத்தரமான பலன் தரும் என்று ஓர் ஆய்வு வந்தது. அந்த வெளியீட்டுச் சாய்வைக் கழித்துக் கணக்கிட்டால் பலன் இருப்பதற்கே உறுதியான ஆதாரம் மிஞ்சவில்லை என்று வேறொரு குழு மறுப்பு எழுதியது.

இதைப் படித்து நட்ஜை விட்டுவிட வேண்டியதில்லை. ஆயிரம் பேர் இருக்கும் நிறுவனத்தில் 1.4 புள்ளி என்றால் பதினான்கு பேர். செலவு ஒரு தாளும் சில வரிகளும். அந்தக் கணக்கில் அது நல்ல பேரம்தான். ‘இந்தச் செயலியை வாங்கினால் பயிற்சி முடிப்போர் இரண்டு மடங்காவார்கள்’ என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் மட்டும், மேலே உள்ள எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

எதை நோக்கித் தூண்ட வேண்டும்? காணொளியைப் பார்க்கவா, குறிப்பைப் படிக்கவா?

நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்கள் மிகக் குறைவு, அடிக்கடி கேட்க வேண்டியது இதுதான் என்பதால் இந்தப் பட்டியலில் நானே சேர்த்திருக்கிறேன்.

கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்மீதே சோதித்து 1885இல் எழுதினார். மறதியைத் தடுப்பது எது என்பதில் ஹென்றி ரோடிகரும் ஜெப்ரி கார்ப்பிக்கேயும் 2006இல் செய்த சோதனை மிகத் தெளிவானது. ஒரு பிரிவினர் ஒரு பத்தியை இருமுறை படித்தார்கள். மற்றப் பிரிவினர் ஒருமுறை படித்து, பிறகு தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். இருமுறை படித்தவர்களுக்கு 42 சதவீதமே நினைவிருந்தது. நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56.

பயிற்சி முடிந்த உடனே வைக்கும் வினாடி வினாவை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அந்த ஐந்தாவது நிமிடத்தில் எல்லாருமே கற்றுவிட்டதாகத் தோன்றும்.

ஆகவே நட்ஜ் ஒவ்வொன்றும் ஒரு கேள்வியாகப் போகட்டும். ‘பாடம் 4ஐப் பாருங்கள்’ என்று அனுப்புவதற்குப் பதில் நாங்கள் அனுப்பிய ஒன்று இது:

‘ரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடம். நோயாளிக்கு நடுக்கம், முதுகு வலி. நீங்கள் முதலில் செய்வது என்ன?’

பதிலை மனத்தில் சொல்லிக்கொண்டு திரையைத் தொட்டால் விடை வரும்: ரத்தம் ஏற்றுவதை உடனே நிறுத்துங்கள். புதிய குழாயை மாற்றிச் சலைன் ஏற்றி நரம்பு வழியைத் திறந்தே வைத்திருங்கள். மருத்துவருக்குச் சொல்லுங்கள். நோயாளியின் அடையாளத்தையும் பையில் உள்ள சீட்டையும் மறுபடி ஒப்பிடுங்கள். அரை நிமிடம் போதும். பத்து நாள் கழித்து அதே நிலைமை வேறு அறிகுறியோடு இன்னொரு கேள்வியாக வரும்.

ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவர் பிரைஸ் கெர்பூட் இந்த வழியைப் பல சோதனைகளில் நிறுவியிருக்கிறார். மருத்துவர்களுக்குச் சில நாள் இடைவெளிகளில் மின்னஞ்சலில் ஓரிரு கேள்விகள் மட்டும் போகும். 2010இல் வெளியான அவருடைய ஆய்வில், அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் பணிபுரிந்தவர்கள் இப்படிக் கற்ற பிறகு, தேவையற்ற புராஸ்டேட் புற்றுநோய்ப் பரிசோதனைகளை எழுதிக்கொடுப்பது குறைந்தது. மின்னஞ்சல்கள் நின்ற பிறகும் அந்தக் குறைவு நீடித்தது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது, அவர்கள் அளந்தது மதிப்பெண்ணை அல்ல, மருத்துவர்கள் எழுதிய பரிசோதனைச் சீட்டுகளை.

புள்ளிகள், பதக்கங்கள், முதலிடப் பட்டியல் வைக்கலாமா?

நான் வைப்பதில்லை. இரண்டு காரணங்கள்.

ஒன்று, பரிசு நின்றால் ஆர்வமும் போகலாம். 1973இல் மார்க் லெப்பரும் மற்றவர்களும் மழலையர் பள்ளியில் செய்த சோதனையில், படம் வரைவதை இயல்பாகவே விரும்பிய குழந்தைகளிடம் ‘வரைந்தால் சான்றிதழ்’ என்று முன்கூட்டியே சொல்லிவைத்து, வரைந்ததும் அதைக் கொடுத்தார்கள். பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் அந்தக் குழந்தைகள் வரைவது குறைந்துபோயிற்று. தன் தொழிலை நேசித்துச் செய்கிறவரிடம் பதக்கத்தை நீட்டும்போது எனக்கு அந்தக் குழந்தைகள் நினைவுக்கு வருகிறார்கள்.

இரண்டாவது, ஒப்பீடு இருபக்கமும் வெட்டும். கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரில் வீடுகளுக்கு அக்கம்பக்கத்தின் சராசரி மின்செலவைத் தெரிவித்துப் பார்த்தார்கள். 2007இல் வெளியான முடிவு: அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள், சராசரிக்கும் குறைவாகச் செலவழித்து வந்தவர்கள் கூட்டிவிட்டார்கள். செலவு குறைவான வீடுகளுக்குப் பாராட்டாக ஒரு சிரிக்கும் முகம் வரைந்து அனுப்பியதும் அந்தப் பின்னடைவு மறைந்தது. பயிற்சியில் ‘உங்கள் பிரிவில் பாதிப் பேர் இன்னும் முடிக்கவில்லை’ என்று அனுப்புவது, முடிக்காதவர்களுக்குத் துணை தேடிக் கொடுப்பதாகவே ஆகும்.

செய்தியின் சொற்கள் அவ்வளவு முக்கியமா?

சில இடங்களில் மிகவும். ஆடம் கிரான்டும் டேவிட் ஹாப்மனும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் கை கழுவும் இடங்களுக்கு மேலே பலகைகள் வைத்தார்கள். ஒன்றில், கைகளைச் சுத்தம் செய்தால் உங்களுக்கு நோய் வராது என்று இருந்தது. மற்றொன்றில் ‘உங்களுக்கு’ என்ற இடத்தில் ‘நோயாளிகளுக்கு’. இரண்டாவது பலகை இருந்த இடங்களில் சோப்பும் கிருமிநாசினியும் அதிகம் செலவாயின. முதலாவது பயன்படவில்லை. தனக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை ஊழியருக்கு இருக்கும். நோயாளிக்கு ஆகாது என்று அவரால் நம்ப முடியாது.

இயந்திரப் பாதுகாப்புப் பாடங்களிலும் நான் இதைப் பின்பற்றுகிறேன். ‘உங்கள் விரலைக் காத்துக்கொள்ளுங்கள்’ என்பதைவிட ‘அடுத்த ஷிப்டில் இந்த இயந்திரத்துக்கு வருகிறவருக்காகப் பூட்டுங்கள்’ என்பது தொழிலாளர்களிடம் எடுபடுகிறது.

பயிற்சியே வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும் என்ற நிலை உண்டா?

உண்டு, அதை ஒப்புக்கொள்ளும் துணிவு பயிற்சி வடிவமைப்பாளர்களுக்கு வேண்டும்.

அப்போது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த மருத்துவர் பீட்டர் பிரோனோவோஸ்டும் அவருடைய குழுவும் மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செய்த வேலையை 2006இல் வெளியிட்டார்கள். பெரிய ரத்தநாளத்தில் செலுத்தும் குழாய்களால் வரும் தொற்றைக் குறைப்பது நோக்கம். கை கழுவுதல், தோலைச் சரியான மருந்தால் துடைத்தல் என ஐந்து நடைமுறைகள். அவற்றை மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். ஆனால் உறை, கையுறை, துணி, மருந்து எல்லாம் வெவ்வேறு அலமாரிகளில் இருந்தன. தேவையானவை அனைத்தையும் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கினார்கள். ஒரு படி விடுபட்டால் மருத்துவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தைச் செவிலியருக்குக் கொடுத்தார்கள். ஆயிரம் குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய் நாள்) 2.7 என்று இருந்த தொற்றின் இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு, மூன்று மாதத்துக்குள் பூஜ்யமாயிற்று. அந்தத் தள்ளுவண்டி நட்ஜ். செவிலியரின் அதிகாரம் நட்ஜ் அல்ல, நிர்வாகத்தின் முடிவு. இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன.

சேராத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்ச அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல், புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் பயன்படுத்தப்பட்டபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் செய்தி வந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டபோது, குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. தாள் ஒன்றேதான். அதைச் சுற்றி இருந்த பேச்சும் பழக்கமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

மேற்பார்வையாளர் என்ன செய்ய வேண்டும்?

ஷிப்ட் ஒப்படைப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “நேற்றுக் கற்றதை இன்று எங்கே பயன்படுத்தினீர்கள்?” தலைமைச் செவிலியர் வாயிலிருந்து வரும் அந்தக் கேள்விக்கு முன் எங்கள் செய்திகள் எதுவும் நிற்பதில்லை. பதில் வராவிட்டால் அவர் திட்டக்கூடாது. திட்டினால் மறுநாளிலிருந்து பொய்யான பதில்கள் வரும்.

எத்தனை நாளில் பழக்கமாகும்? 21 நாள் என்கிறார்களே?

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் மற்றவர்களும் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஒரு செயல் தன்னியல்பாக மாற ஆன காலத்தின் இடைநிலை 66 நாட்கள். ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. தொடர்ச்சி அறுந்தால் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் செயலிகளை இதனால்தான் நான் பணியிடத்துக்குப் பரிந்துரைப்பதில்லை. விடுப்பில் போன தாய் திரும்பி வந்ததும் பூஜ்யத்தைப் பார்க்க வேண்டுமா?

இது ஊழியர்களை ஏமாற்றுவது ஆகாதா?

ஆகலாம். அதனால் எனக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன். நான் வைத்த ஒவ்வொரு நட்ஜையும் ஊழியர்களைக் கூட்டி வைத்து, ‘இதை இந்தக் காரணத்துக்காக இப்படி வைத்திருக்கிறோம்’ என்று சொல்ல என்னால் முடிய வேண்டும். சொன்ன பிறகும் அது வேலை செய்ய வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால் அதை எடுத்துவிடுவேன்.

இதில் எனக்குச் சமரசம் இல்லாத ஓர் இடம் உண்டு. பயிற்சியை வீட்டு நேரத்துக்குத் தள்ளிவிட்டு, அதைச் செய்ய வைக்க நட்ஜைப் பயன்படுத்துவது. இரவு ஒன்பது மணிக்கு ‘இன்னும் இரண்டு நிமிடம்தான், முடித்துவிடுங்கள்!’ என்று செய்தி அனுப்பச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் தோசை வார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரின் சம்பளமில்லாத இரண்டு நிமிடங்களைக் கேட்கும் உரிமை நிறுவனத்துக்குக் கிடையாது. மறுத்துவிட்டேன். அந்த வேலை கை நழுவிப் போனதில் எனக்கு வருத்தமில்லை.

இன்னொன்றும் முக்கியம். கேள்விகளுக்கு யார் தவறாகப் பதில் சொன்னார் என்ற விவரம் ஊதிய உயர்வுக்கோ மதிப்பீட்டுக்கோ போகக்கூடாது. போகிறது என்று ஒருவருக்குத் தெரிந்தாலும் போதும், மறுவாரமே விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றும்.

பலனை எப்படி அளப்பது?

பாடத்தை முடித்தவர்களின் சதவீதத்தை ஓரமாக வையுங்கள். வார்டுகளின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, பாதி வார்டுகளில் இந்த மாதமும் மீதியில் மூன்று மாதம் கழித்தும் தொடங்குங்கள். இடைப்பட்ட காலத்தில் இரண்டையும் ஒப்பிடுங்கள். அளக்க வேண்டியது செயலை. கை சுத்தம் பற்றிய பாடம் என்றால், ஒவ்வொரு வார்டும் கிடங்கிலிருந்து எத்தனை கிருமிநாசினிப் புட்டிகள் வாங்கியது என்று கிடங்குப் பதிவேட்டிலேயே இருக்கும். நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். குறை இல்லாத அளவுகோல் அல்ல, ஆனாலும் பாடத்தின் கடைசித் திரையில் வரும் ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்பதைவிட நம்பத்தகுந்தது.

எங்களுடையது இருபது பேர் வேலை செய்யும் பட்டறை. மென்பொருள் எதுவும் இல்லை. நாங்கள் என்ன செய்வது?

உங்களுக்குத்தான் இது எளிது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு லேத் பட்டறையில், வருகைப் பதிவேடு இருக்கும் மேசைக்கு மேலே ஒரு கரும்பலகை மாட்டச் சொன்னேன். காலையில் உரிமையாளர் ஒரு கேள்வி எழுதுவார். ‘இந்தத் துண்டில் அளவு ஏன் ஓரத்தில் மட்டும் கூடியிருக்கிறது?’ கேள்விக்குக் கீழே, முந்தைய நாள் தள்ளுபடியான துண்டு ஒன்று ஆணியில் தொங்கும். கையெழுத்துப் போட வருகிறவர்கள் அதை எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள். மாலைக்குள் யார் வேண்டுமானாலும் விடை எழுதலாம், பெயர் போட வேண்டாம்.

முதல் மூன்று நாள் பலகை காலியாகவே இருந்தது. நான்காம் நாள் யாரோ ‘டூல் தேய்மானம்’ என்று எழுதியிருந்தார்கள். மாலையில் பார்த்தபோது அதை அடித்துவிட்டு, வேறு கையெழுத்தில் ‘இல்லை, டெயில்ஸ்டாக் சற்று விலகியிருக்கிறது’ என்று இருந்தது. லேத்தில் துண்டின் மறுமுனையைத் தாங்கும் பகுதி அது. மறுநாள் காலை இருவர் அந்த லேத்தின் முன் குனிந்து அளவு பார்க்கும் டயல் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததாக உரிமையாளர் போனில் சொன்னார்.

அந்த மூன்று நாளும் பலகை ஏன் காலியாக இருந்தது என்று விசாரித்தோம். சாக்பீஸ் உரிமையாளரின் மேசை இழுப்பறையில் இருந்ததாம். நீங்கள் தொடங்கும்போது அதை நூலில் கட்டிப் பலகையிலேயே தொங்கவிட்டுவிடுங்கள்.